ஜீரோ

மூன்று ஆண்டுகளுக்கு முன், டொராண்டோவில் என் வீட்டு மேசையில் அமர்ந்தபடி, சென்னையிலிருந்த ஓர் இளைஞரைக் காணொளியில் நேர்காணல் செய்தேன். பரமக்குடிக்காரர், பள்ளிப்படிப்பு முழுவதும் தமிழ்வழி. தரவுத்தளத்தில் இரண்டு வேலைகள் ஒன்றுக்காக ஒன்று காத்து, இரண்டுமே நின்றுவிடும் சிக்கலை எப்படி அவிழ்ப்பது என்று கேட்டேன். படிப்படியாக, சரியாகச் சொன்னார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஸீரோ என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் ‘ஜீரோ’ என்றார்.

மதிப்பீட்டுப் படிவத்தில், “தொழில்நுட்பம் நன்று, தொடர்புத்திறன் போதாது” என்று எழுதினேன். உடனிருந்தவர் கனடாவிலேயே பிறந்து வளர்ந்த, தமிழ் அறியாத சக ஊழியர். “அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. உனக்கும் புரிந்தது. பிறகு எதுதான் வந்து சேரவில்லை?” என்று கேட்டார். வாடிக்கையாளர்கள் முன்னால் சிரமப்படுவார் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்த வேலை சென்னையின் பெயர்பெற்ற பள்ளியொன்றில் படித்த வேறொருவருக்குப் போனது. அதே கேள்விக்கு அவர் பாதியில் தடுமாறினார். அவருக்கு நான் எழுதிய குறிப்பு: “கற்றுக்கொள்வார்.”

இதை ‘அறியாச் சார்பு’ என்கிறார்கள். அலுவலகத்தில் ஆண்டுக்கொரு முறை இதற்கென ஒரு மணிநேரப் பயிற்சிகூட உண்டு. இறுதியில் வரும் வினாக்களில் எனக்கு எப்போதும் முழு மதிப்பெண்தான். அந்தப் பெயரில் ஓர் ஆறுதல் இருக்கிறது. அறியாமல் செய்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது?

அந்த ஆறுதலை நாம் மற்றவர்களுக்குத் தருவதில்லை. டொராண்டோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிலிப் ஓரியோபூலஸ் 2011இல் வெளியிட்ட ஆய்வை நம் வீடுகளில் பலமுறை பேசியிருக்கிறோம். இந்நகர நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான கற்பனை விண்ணப்பங்களை அவர் அனுப்பினார். தகுதி ஒன்றாக இருந்தும், ஆங்கிலப் பெயர்களுக்கு வந்த அழைப்புகள் இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களுக்கு வந்தவற்றைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். ஆட்சேர்ப்பவர்கள் சொன்ன காரணம், மொழித்திறன் பற்றிய ஐயம். இந்த ஊருக்கு வந்த புதிதில் விண்ணப்பத்தில் என் பெயரைப் பாதியாகக் குறைத்தவன் நான். அவர்கள் அறியாமல் செய்தார்கள் என்று அப்போது நான் மன்னிக்கவில்லை. அதே ஐயத்தை, அதே சொற்களில், பரமக்குடிக்காரர்மேல் நானும் எழுதியிருக்கிறேன்.

2007இல் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் இந்தியப் பெருநிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசி ஒரு கட்டுரை எழுதினார்கள். தகுதியே அளவுகோல் என்று அம்மேலாளர்கள் உறுதியாகச் சொன்னார்கள். குடும்பப் பின்னணியை விசாரிப்பதும் தேவை என்று அவர்களே சொன்னார்கள். இரண்டுக்கும் இடையில் அவர்களுக்கு முரண்பாடு தெரியவில்லை. வகுப்பும் ஊரும் சாதியும் ‘தரம்’ என்ற சொல்லுக்குள் வசதியாக உட்கார்ந்துகொள்கின்றன.

நான் உண்மையிலேயே அறியாமல்தான் செய்தேனா? சக ஊழியரின் கேள்வி சில நாள் என்னை விடவில்லை.

என் அப்பா சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து, அரசு அலுவலகத்தில் கணக்கராக இருந்தவர். நான் ஏழாம் வகுப்பு படித்தபோது பெற்றோர் கூட்டத்துக்கு வந்தார். ஆசிரியர் கேட்டதும் தொலைபேசி எண்ணை ஆங்கிலத்தில் சொன்னார். “டபுள் ஜீரோ” என்றபோது பின்னால் நின்ற என் வகுப்பு நண்பர்கள் சிரித்தார்கள். அன்றிரவு கண்ணாடி முன் நின்று ‘ஸீரோ’ என்று சொல்லிப் பழகினேன். அடுத்த கூட்டத்துக்கு அம்மா வந்தால் போதும் என்றேன். அப்பா ஏனென்று கேட்கவில்லை.

ஆக, அந்த எழுத்து எனக்குள் என்ன செய்யும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததை மறக்கத்தான் நான் பாடுபட்டிருக்கிறேன். குடிபோதையில் குற்றம் செய்பவனுக்கு இரட்டைத் தண்டனை விதித்த பழைய கிரேக்கச் சட்டத்தை அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் எடுத்துப் பேசுகிறார். செய்யும்போது அவன் அறியாமல்தான் செய்தான். ஆனால் குடிக்காமல் இருப்பது அவன் கையில் இருந்தது. என் அறியாமையும் அப்படி நானே தேடிக்கொண்டதுதான். அதற்குக் கூலியும் எனக்குக் கிடைத்தது: இந்த மேசை, இந்தப் படிவம், ஒருவரை வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம்.

இங்கே பிறந்த என் மகள் தமிழ் விழா மேடையில் பழத்தைப் ‘பலம்’ என்றபோது அரங்கமே கைதட்டியது. இவ்வளவு தொலைவில் வளர்ந்தும் தமிழ் பேசுகிறாளே என்ற மகிழ்ச்சி. பரமக்குடியின் தமிழ்வழி வகுப்பிலிருந்து ஆங்கிலத்துக்கு இருக்கும் தொலைவும் அதற்குக் குறைந்ததல்ல. அதைக் கடந்து வந்தவருக்கு நாம் கைதட்டுவதில்லை. யார் வாயிலிருந்து வந்தாலும் சொல்லின் மெய்யைப் பார்க்கவேண்டும் என்ற குறளைப் பள்ளிப் போட்டியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவனும் நானே.

இப்போது எனக்கென ஒரு விதி வைத்திருக்கிறேன். ‘தொடர்புத்திறன் போதாது’ என்று எழுதவேண்டுமானால், எனக்குப் புரியாமல் போன வாக்கியம் எது என்பதையும் பக்கத்தில் எழுதவேண்டும். இதுவரை ஒருமுறைதான் அப்படி எழுத நேர்ந்தது. ஆனாலும் ‘ஜீரோ’ காதில் விழும்போது உள்ளே ஏதோ ஒன்று இன்னும் சுருங்கத்தான் செய்கிறது. அது போய்விட்டது என்று சொன்னால் பொய். என் விதியால் அந்தப் பரமக்குடி இளைஞருக்கு எந்தப் பயனும் இல்லை.

சென்ற வாரம் அப்பா தொலைபேசியில் வங்கிக் கணக்கு எண்ணை வாசித்தார். நடுவில் மூன்று ஜீரோ. “எங்கே, திருப்பிச் சொல்லு பார்ப்போம்” என்றார். அவர் சொன்னபடியே சொன்னேன்.