நடப்படாத கல்

மாண்ட வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் பொறித்து வழிபட்ட இனம் நம் இனம். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்ட கல்லை வாழ்த்துவது ஈறாக உள்ள படிநிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துரைக்கின்றது. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரமும் கல்லாகி நின்றோரைப் பேசுகின்றது. இம்மரபை வகுப்பில் விளக்குவது எளிது. ஆனால், கல்லே நடப்படாத ஒருவனை எவ்வாறு நினைப்பது? அவனைப் பற்றிய உண்மை நாம் விரும்பும் வடிவில் இல்லையெனில் என்ன செய்வது? இவ்வினாவை என் முன் வைத்தவன் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன்.

என் பாட்டியின் தம்பி, கம்போங் குவாந்தானை அடுத்து, சிலாங்கூர் ஆற்றோரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். மாலையில் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் மொய்க்கும் மின்மினிகளைப் புட்டியில் பிடித்து வந்து லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாராம். 1943ஆம் ஆண்டு, தம் பத்தொன்பதாம் வயதில், இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து பர்மாவுக்குச் சென்றார். திரும்பவில்லை. அவர் போர்க்களத்தில் மார்பில் குண்டேந்தி வீழ்ந்தார் என்றே எங்கள் குடும்பத்தில் கூறுவர். நானும் ஆண்டுதோறும் மாணவரிடம் அவ்வாறே கூறிவந்தேன்.

சென்ற ஆண்டு அம்மாணவன் எழுந்து, "ஐயா, எந்த ஊர்ப் போரில்?" என்று கேட்டான். என்னால் விடை கூற இயலவில்லை. ஏனெனில், உண்மை எனக்குத் தெரியும். தம் இறுதிக் காலத்தில் பாட்டி என்னிடம் மட்டும் அதனைக் கூறியிருந்தார். உடன் சென்று உயிர் மீண்ட தோழர் ஒருவர் போர் முடிந்தபின் லயத்து வீட்டிற்கு வந்து சொன்ன செய்தி அது. இம்பால் நோக்கிச் சென்ற படை மழைக்காலத்தில் பின்வாங்கியபோது, காய்ச்சலாலும் பசியாலும் நடக்க மாட்டாமல் வழியோரத்தில் அமர்ந்தவர், மறுநாள் எழவில்லை.

வரலாற்றை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. 1944 மார்ச்சில் தொடங்கிய இம்பால் படையெடுப்பு சூலையில் கைவிடப்பட்டது. உணவும் மருந்தும் இன்றி, மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் வாட்ட, சேற்று வழிகளில் மாண்டோர் பலர். 1945இல் ஜான்சி ராணிப் படையைச் சேர்ந்த ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இரு பெண்கள் உயிர் நீத்ததும் எதிரியை நோக்கி முன்னேறுகையில் அன்று. ரங்கூனிலிருந்து திரும்பும் வழியில், தொடர்வண்டி தாக்கப்பட்டபோதுதான்.

பசியால் இறந்தவர் வீரர் ஆவாரா? இவ்வினாவிற்குப் பின்னால் மேலும் கடுமையான ஒன்று நிற்கின்றது. அவர் எதற்காகச் சென்றார்? நேதாஜியின் குரல் தோட்டங்கள்தோறும் எழுப்பிய தன்மான உணர்வு ஒரு காரணம். ஆனால், அக்காலத்தில் தோட்டங்களில் அரிசி இல்லை. சயாம் மரண இரயில்பாதைக்கு ஆள் பிடித்துச் செல்லும் அச்சம் ஒவ்வொரு லயத்திலும் இருந்தது. படையில் சேர்ந்தால் அதினின்று தப்பலாம் என்று எண்ணியோரும் உண்டு. அப்பாதையில் நம்மவர் ஆயிரமாயிரவரை மடிய விட்ட ஜப்பானியரின் துணையோடுதான் அப்படையும் போரிட்டது. எதிரணியில் நின்றோருள்ளும் இந்தியர் மிகப் பலர். 1942 சனவரித் தொடக்கத்தில் ஜப்பானியர் கோல சிலாங்கூரை நெருங்கியபோது இவ்வட்டாரத்தில் அவர்களை எதிர்த்தோருள் பிரிட்டிஷ் இந்தியப் படையினரும் இருந்தனர். அவர்களும் எங்கோ ஒரு சிற்றூரில் தாயை விட்டு வந்த இளைஞர்களே.

இவற்றையெல்லாம் எண்ணும்போது, நினைவுகூர்தல் என்பது வெற்றிக்கு அளிக்கும் பரிசன்று என்பது புலனாகின்றது. எந்த அணி சரி என்று வழங்கும் தீர்ப்பும் அன்று. அது, இறந்தவருக்கு நாம் செலுத்த வேண்டிய உண்மை என்னும் கடன். பசியை மறைத்து வீரத்தை மட்டும் பேசினால், அவரைப் பசிக்கு இரையாக்கியோர் எளிதில் தப்பிவிடுகின்றனர். பசியை மட்டும் பேசினால், பத்தொன்பது வயதில் அவர் தாமே எடுத்த முடிவை அவரிடமிருந்து பறித்துவிடுகின்றோம். ஒருவன் உள்ளத்தில் அச்சமும் ஆர்வமும் ஒருங்கே இருத்தல் கூடும். அச்சமே அறியாதவன் செல்வதைக் காட்டிலும், அச்சத்தோடு ஒருவன் செல்வது தாழ்ந்தது என்று யார் கூற வல்லார்?

கல் நிலையானது என்கின்றோம். 1945 சூலை 8ஆம் நாள் சிங்கப்பூர்க் கடற்கரையில், மாண்ட படையினர்க்கான நினைவுச் சின்னத்திற்கு நேதாஜி அடிக்கல் நாட்டினார். எழுந்த சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் அதே ஆண்டு செப்டம்பரில் தகர்த்தனர். ஐம்பது ஆண்டுகள் சென்றபின், 1995இல்தான் அவ்விடத்தில் ஒரு குறிப்புப் பலகை வைக்கப்பட்டது. கல்லையும் தகர்க்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

என் பாட்டி கல் நடவில்லை. தமக்குப் பிறந்த மகனுக்குத் தம்பியின் பெயரைச் சூட்டினார். அந்தி நேரத்தில் லயத்து வாசலில் நின்று அப்பெயரை உரக்கக் கூப்பிடும்போதெல்லாம் அவர் யாரை அழைத்தார் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகின்றது. உண்மையை அவர் மறைத்தது பொய்யுரைக்க அன்று. தம்பி பசியால் இறந்தான் என்று பிறரிடம் கூற ஓர் அக்காளுக்கு மனம் வரவில்லை. அது அவர் துயரம். ஆனால், ஆசிரியனாகிய எனக்கு அந்தச் சலுகை இல்லை.

அடுத்த வாரம் அதே வகுப்பிற்குச் சென்றேன். முன்பு கூறியது பிழை என்று ஒப்புக்கொண்டு, அவர் இறந்த வகையை உள்ளவாறே கூறினேன். வகுப்பு அமைதியாயிற்று. வினா எழுப்பிய மாணவன் சற்று நேரம் கழித்து, "அவர் பெயர் என்ன, ஐயா?" என்று கேட்டான். இத்தனை ஆண்டுகள் குண்டையும் களத்தையும் கூறிய நான், பெயரை ஒருமுறையேனும் கூறியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் தத்தம் ஏட்டில் எழுதிக்கொண்டனர்.