இழுத்த கையும் உடன் ஓடிய கால்களும்



புனித சின்னப்பர் விளையாட்டுத் திடலை அறிந்தவர். கொரிந்து நகருக்கு அண்மையில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடைபெற்றுவந்தது. அந்நகர மக்களுக்கு எழுதுகையில் அவர், வாடிப்போகும் முடிக்காக வீரர்கள் இத்தனை பாடுபடும்போது வாடாத முடிக்காக நாம் எவ்வளவு பாடுபட வேண்டும் என்று சிந்திக்க வைக்கிறார் (1 கொரி. 9:24-25). கலாத்தியருக்கு எழுதும்போதோ அவர் குரலில் வேதனை தொனிக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த அவர்களை இடைவழியில் மறித்தது யார் என்று வினவுகிறார் (கலா. 5:7). இந்த வினாவை இன்று நம் வீட்டு வாசலில் வைத்துச் சிந்திப்போம்.

1967ஆம் ஆண்டு. அமெரிக்காவில் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் கத்தரின் சுவிற்சர் என்னும் 20 வயது மாணவி கற்றுக்கொண்டிருந்தாள். ஓடுவதில் அவளுக்குப் பெருவிருப்பு. அங்கே பெண்களுக்கென ஓட்டக் குழு இருக்கவில்லை. ஆகவே ஆண்கள் குழுவோடு பயிற்சி செய்ய அனுமதி பெற்றாள். அக்குழுவுக்கு உதவிவந்தவர் ஆர்னி பிறிக்ஸ் என்பவர். அவர் அப்பல்கலைக்கழகத்தின் தபாற்காரர். 50 வயதை எட்டியவர். பொஸ்ரன் மரதன் ஓட்டத்தில் 15 தடவை ஓடியவர். பனி கொட்டும் மாலைவேளைகளில் அவர் அவளோடு கூடவே ஓடி, பொஸ்ரன் கதைகளைச் சொல்லி உற்சாகமூட்டினார்.

ஆனால், தானும் பொஸ்ரனில் ஓட வேண்டும் என்று அவள் சொன்னபோது அவரே தயங்கினார். பெண்ணால் அத்தனை தூரம் ஓட முடியாது என்பதே அவருடைய எண்ணமும். எனினும் அவர் கதவை அடைக்கவில்லை. பயிற்சியில் அத்தூரத்தை ஓடிக் காட்டினால் தாமே அழைத்துச் செல்வதாக வாக்களித்தார். மரதன் தூரம் 26 மைலுக்குச் சற்று அதிகம். அவளோ அவரோடு 31 மைல் ஓடி முடித்தாள். முடிவில் மயங்கி விழுந்தவர் அவர்தான்! தம் எண்ணம் தவறென்று கண்டதும் அதை மாற்றிக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. முறைப்படி பதிவு செய்யும்படி அவரே அவளை வற்புறுத்தினார். பெண்கள் ஓடக்கூடாதென்று போட்டி விதிகளில் எழுதப்பட்டிருக்கவில்லை. வழக்கம்போலத் தன் பெயரின் முதலெழுத்துக்களை இட்டு அவள் விண்ணப்பித்தாள். 261ஆம் இலக்கம் கிடைத்தது.

ஏப்ரல் 19ஆம் நாள். கடுங்குளிர், பனிமழை. ஓட்டம் தொடங்கி ஏறத்தாழ இரண்டு மைல் சென்றிருக்கும். போட்டியின் அதிகாரிகளுள் ஒருவரான ஜொக் செம்பிள் வாகனத்திலிருந்து குதித்து ஓடிவந்தார். அவளைப் பிடித்து இழுத்து, அவள் உடையிலிருந்த இலக்கத்தைப் பிடுங்க முயன்றார். அவளை விட்டுவிடும்படி பிறிக்ஸ் உரத்துக் கத்தினார். கூட ஓடிய நண்பர், சம்மட்டி எறியும் வீரர், தம் தோளால் செம்பிளை இடித்து விலக்கினார். உலகெங்கும் பரவிய புகைப்படங்கள் அக்கணத்தில் எடுக்கப்பட்டவையே.

அன்பார்ந்தவர்களே, அந்த மாணவியின் நிலையை எண்ணிப் பாருங்கள். இன்னும் 24 மைல் தூரம். அச்சம், அவமானம், ஆத்திரம். விலகி வீடு திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தான் நின்றுவிட்டால் பெண்களால் முடியாது என்ற சொல் நிலைத்துவிடும் என்று அவள் உணர்ந்தாள். ஓடினாள். ஏறத்தாழ 4 மணி 20 நிமிடத்தில் எல்லைக் கோட்டைக் கடந்தாள்.

நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது செம்பிளைப் பற்றியே. அவர் கெட்ட மனிதர் அல்லர். அந்த ஓட்டத்தை உயிராக நேசித்தவர். அதைக் காப்பதாக எண்ணியே இழுத்தார். இயேசுவிடம் கொண்டுவரப்பட்ட சிறுபிள்ளைகளை அதட்டிய சீடர்களும் அப்படித்தான். போதகரைத் தொல்லையிலிருந்து காப்பதாகவே அவர்கள் எண்ணினார்கள். ஆனால் ஆண்டவர் அவர்கள்மேல் சினங்கொண்டார் (மாற். 10:13-14). தடுக்கும் கை பெரும்பாலும் பகைவனின் கை அல்ல. காக்கிறேன் என்று நம்பும் கைதான் பல வேளைகளில் தடுக்கிறது.

பெற்றோரே, இக்கை நம் வீட்டிலும் உண்டல்லவா? படித்தது போதும் என்று மகளின் கொப்பியை மூடியது எந்தக் கை? தேவ அழைத்தலைப் பற்றி மகன் மெல்ல வாய் திறந்தபோது, குடும்பத்தை யார் பார்ப்பது என்று அவன் வாயை அடைத்தது எந்தக் கை? சபையிலே ஒரு இளம்பெண் முன்வந்து பேச எழுந்தபோது, உட்கார் என்று சைகை காட்டியது எந்தக் கை? குருக்களாகிய நாங்களும் இந்த ஆன்மசோதனைக்கு விலக்கானவர்கள் அல்லர்.

அப்படியானால் பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் தலையசைக்க வேண்டுமா? இல்லை. பிறிக்ஸ் தலையசைக்கவில்லை, ஓடிக் காட்டு என்றார். அன்பு சோதித்துப் பார்க்கும். கடும் பயிற்சியைக் கேட்கும். ஆனால் பிள்ளை ஓடிக் காட்டிய பின்னும் பிடித்து இழுக்காது. அவளுக்காக ஓட பிறிக்சால் இயலாது. அவளோடு ஓட இயன்றது. எம்மாவுசுக்குச் சென்ற சீடரோடு உயிர்த்த ஆண்டவரும் அப்படியே வழிநடந்தார். அவர்களின் துயரத்தைக் கேட்ட பின்பே விளக்கம் சொன்னார் (லூக். 24:13-27). தொலைவில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையோடு பேசும்போது, பூசைக்குப் போனாயா, பரீட்சை எப்படி என்ற இரு வினாக்களோடு நின்றுவிடுகிறோம். களைத்துப் போனாயா என்று கேட்கிறோமா? பதில் வரும்வரை பொறுத்திருக்கிறோமா?

கதையின் முடிவு இன்னும் அழகானது. 1972ஆம் ஆண்டில் பொஸ்ரன் மரதன் பெண்களை முறைப்படி ஏற்றது. 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் விழாவில் முதன்முறையாகப் பெண்கள் மரதன் ஓடினார்கள். 2017இல், 50 ஆண்டுகளின் பின், 70 வயதில், சுவிற்சர் அதே 261ஆம் இலக்கத்தை அணிந்து அதே பாதையில் ஓடி முடித்தார். செம்பிள்? அவரும் மனம் மாறினார். 1973ஆம் ஆண்டு ஓட்டம் தொடங்குமுன், அன்று இலக்கத்தைப் பிடுங்க வந்த அதே மனிதர், சுவிற்சரின் கன்னத்தில் முத்தமிட்டு வரவேற்றார். இருவரும் நண்பர்களானார்கள். 1988ஆம் ஆண்டில் அவர் இறக்கும்வரை அந்த நட்பு நிலைத்தது.

ஆகவே, ஒருகாலத்தில் இழுத்த கைக்கும் மனந்திரும்ப இடமுண்டு. இழுக்கப்பட்டவருக்கும் மன்னிக்கும் கடமையுண்டு. கசப்பைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் ஓட முடியாது. நம்மை அழுத்தும் சுமைகளை இறக்கிவைத்து ஓடும்படி எபிரேயர் திருமுகம் அழைப்பது இதற்காகத்தான் (எபி. 12:1).

இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: "உன்னை நான் எங்கேயாவது மறித்திருக்கிறேனா?" அவர்கள் சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். தேவைப்பட்டால் மன்னிப்புக் கேளுங்கள். பின்னர் அவர்களோடு சேர்ந்து ஓடத் தொடங்குங்கள். நம் அனைவரோடும் உடன் ஓடும் ஆண்டவர், எல்லைக் கோட்டிலும் நமக்காகக் காத்திருக்கிறார். ஆமென்.