துப்பாக்கி மசகும் தீட்டும்

துப்பாக்கிக்கு மசகு தேர்ந்தெடுப்பது பொதுவாகப் பொறியியல் காரியம். எந்த வெப்பத்தில் உருகும், எந்தக் குளிரில் உறையும், துருவைத் தடுக்குமா, வெடிமருந்துக் கசடை இளக்குமா என்பவையே அதில் எழும் கேள்விகள். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை மசகு என்றாலே பெரும்பாலும் விலங்குக் கொழுப்புதான். எந்த விலங்கின் கொழுப்பு என்று ஒருவர் கேட்டுவிட்டால், காரியம் ஆயுதசாலையை விட்டு மடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போய்விடுகிறது. தீட்டு பொருளில் இருக்கிறதா, அதைப் பற்றிய அறிவில் இருக்கிறதா, ‘இது சுத்தம்’ என்று சொல்லும் வாக்கு யாருடையது என்பவை அங்கே எழும் கேள்விகள்.

இந்தக் கேள்விகளை உலகம் அறியச் செய்தது, 1857 சிப்பாய்க் கலகத்தோடு பெயர் இணைந்த 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள். 0.577 அங்குல வாய் கொண்ட அதன் குழலுக்குள் மூன்று சுழல் பள்ளங்கள் இருந்தன. குண்டு அந்தப் பள்ளங்களைப் பற்றிக்கொண்டு சுழன்று வெளியேறினால்தான் குறி தப்பாது. மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகவே கெட்டிக்க வேண்டும். கருமருந்து எரிந்தபின் குழலில் படியும் கசடு சில சுடுதலிலேயே இறுகிவிடும். அதன்பின் அடுத்த குண்டு உள்ளே இறங்காது. கசடை இளக்கவும் குண்டை வழுக்கி இறக்கவும், தோட்டாவின் காகித உறையில் குண்டு இருக்கும் பக்கத்துக்கு மசகு தடவினார்கள். கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த கலவை அது. மெழுகு சேர்த்தது வெயிலில் கொழுப்பு உருகி ஓடாமலிருக்க.

சிக்கலுக்கு வழி செய்தது பயிற்சி விதி. ஒரு கை துப்பாக்கியைப் பிடித்திருக்க, மறு கையால் தோட்டாவை எடுத்து அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். கடிக்கும் முனையும் மசகு தடவிய முனையும் வேறு வேறுதான். ஆனால் வெப்ப நாட்டில், கட்டாகக் கட்டிய தோட்டாப் பொதிக்குள், கொழுப்பு தன் இடத்திலேயே நிற்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. கையால் தொடுவதற்கும் வாயில் படுவதற்கும் இந்து ஆசாரத்திலும் இஸ்லாமியச் சட்டத்திலும் பெரிய வேறுபாடு உண்டு. தோல் வாரும் தோல் செருப்பும் அணிந்த சிப்பாய் தோட்டாவுக்கு மட்டும் ஏன் அஞ்ச வேண்டும் என்று அன்றைய ஆங்கில அதிகாரிகள் சிலர் கேட்டதற்கு இதுவே விடை. செருப்புத் தோல் தொடுபொருள். வாயில் படுவது உணவுக்குச் சமம்.

தொடுபொருளே போதுமான கலகக் காரணமாக இருந்த நிகழ்வும் 1857-க்கு முன்பே உண்டு, அதுவும் தமிழ்நாட்டில். சென்னைப் படைத் தளபதி ஜான் கிராடக் காலத்தில் அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்று விதி வந்தது. புதிய தலைப்பாகையில் தோல் குஞ்சமும் சேர்ந்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். குஞ்சத்தின் தோல் பசுவுடையதா, பன்றியுடையதா என்ற ஐயம் அங்கும் பேசப்பட்டது. கிழக்கிந்தியக் கும்பினி அரசு அதிலிருந்து கற்ற பாடம் அரை நூற்றாண்டுகூட நிலைக்கவில்லை.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. மசகிட்ட தோட்டாக்கள் இந்தியத் தட்பவெப்பத்தைத் தாங்குமா என்று பார்க்க 1853-இல் இங்கே அனுப்பப்பட்டபோது, வங்காளப் படையின் கர்னல் டக்கர், சிப்பாய்களின் சாதியையும் சமயத்தையும் புண்படுத்தாத மசகு என்று தெளிவாகும்வரை அவற்றைத் தரவேண்டாம் என்று எழுதினார். அந்தக் கடிதம் கோப்பிலேயே தங்கியது. 1857 ஜனவரியில், கல்கத்தாவை அடுத்த தம்தமில், ஆயுதசாலைக் கலாசி ஒருவர் ஒரு பிராமணச் சிப்பாயிடம் செம்பில் தண்ணீர் கேட்டார். சாதியைக் காட்டிச் சிப்பாய் மறுக்கவே, பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கப் போகிறவருக்குச் சாதி எங்கே இருக்கிறது என்று கலாசி திருப்பிக் கேட்டார். சாதியால் தாழ்த்தப்பட்ட ஒருவர் சாதியின் மொழியிலேயே கொடுத்த பதிலடி அது. பல வரலாறுகளில் இந்தக் கலாசி வதந்திக்குத் தொடக்கமாக மட்டுமே வந்து போகிறார். அவருடைய கேள்வியின் கூர்மையை யாரும் பொருட்படுத்துவதில்லை.

வதந்தி பொய்யா? ஆயுதசாலைக்குக் கொழுப்பைக் கொடுத்தது ஒப்பந்தக்காரர். அது எந்த விலங்கினுடையது என்று யாரும் சோதிக்கவில்லை. ஆட்டுக் கொழுப்பை மட்டும் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. அரசு ஆவணங்களை ஆராய்ந்த ஃபாரஸ்டின் முடிவைக் கொண்டு, ஆட்சேபத்துக்குரிய கொழுப்புகள் அந்தக் கலவையில் இருந்தது உண்மையே என்று தளபதி ராபர்ட்ஸ் 1897-இல் வெளியிட்ட தம் நினைவுநூலில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் பெரும்பாலான படைப்பிரிவுகள் மசகிட்ட தோட்டாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஐயம் ஒன்றே அவர்களை அசைத்தது.

ஐயத்தைப் பற்றிச் சாத்திரங்கள் சொல்வது கவனத்துக்குரியது. மனுதர்மத்தின் ஐந்தாம் அத்தியாயம் மூன்றைத் தூயவை என்கிறது: அசுத்தம் இருப்பதாகக் காணப்படாதது, நீரால் கழுவப்பட்டது, தூயது என வாக்கால் சொல்லப்பட்டது. நடைமுறைக்கு மிகவும் இணக்கமான விதி இது. ஒவ்வொரு பொருளின் பிறப்பையும் துருவி ஆராய்ந்தால் ஒரு நாள்கூட வாழ முடியாது என்பதை அறிந்த விதி. இஸ்லாமியச் சட்டமும் உறுதியை ஐயம் நீக்காது என்ற கொள்கையை அடிப்படையாகக் கொண்டது. பொருள்கள் தூயவை என்பதே தொடக்க நிலை. அறியாமல் செய்த பாவத்துக்கும் அறிந்து செய்ததற்கும் தர்மசாத்திரம் வெவ்வேறு பிராயச்சித்தம் வகுக்கிறது. வற்புறுத்தலுக்கு ஆளாகி விலக்கப்பட்டதை உண்டவர்மீது குற்றமில்லை என்கிறது குர்ஆன். ஆக, சிப்பாய்க்கு இரு மரபிலும் தப்பும் வழி இருந்தது.

அந்த வழியைக் கலாசியின் ஒரு கேள்வி அடைத்துவிட்டது. காணப்படாதது காணப்பட்டதாகிவிட்டது. கொழுப்பு நீரில் கழுவிப் போகாது. எஞ்சியது வாக்கு. அரசு வாக்குக் கொடுத்தது. சிப்பாய்களே கடைத்தெருவில் நெய்யோ எண்ணெயோ மெழுகோ வாங்கித் தாங்களே தடவிக்கொள்ளலாம் என்று ஜனவரி முடிவதற்குள் ஆணையும் வந்தது. பொறியியல் நோக்கில் அது சரியான தீர்வு. சமய நோக்கில் அது முதல் மசகில் குறை இருந்ததற்கான ஒப்புதல். உடனே ஐயம் காகிதத்துக்குத் தாவியது: அதன் பளபளப்பில் கொழுப்பு இருக்கிறதாம். பாரக்பூர் படைமுகாமில் நடந்த விசாரணையில் காகிதத்தைக் கொளுத்தி முகர்ந்தார்கள். அரசின் வேதியியல் ஆய்வாளர் அதில் கொழுப்பு இல்லை என்று அறிக்கை தந்தார். கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று பயிற்சி விதியையே மாற்றினார்கள். எதுவும் எடுபடவில்லை. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரைப்படையினருக்கு நீட்டப்பட்டவை மசகில்லாத பழைய தோட்டாக்களே. 85 பேர் அவற்றைத் தொட மறுத்தார்கள். மே 9 அன்று விலங்கு பூட்டப்பட்டார்கள். மறுநாள் மீரட் எரிந்தது.

அம்பாலா துப்பாக்கிப் பயிற்சி மையத்தில் நடந்ததுதான் இந்த விவகாரத்தின் உட்கருவைக் காட்டுகிறது. 36-ஆம் காலாட்படையைச் சேர்ந்த இருவர் அங்கே பயிற்சி பெற்றார்கள். தலைமைத் தளபதி ஆன்சனுக்குக் காவலாக அதே படைப்பிரிவு வந்தபோது அவர்கள் தம் தோழர்களைப் பார்க்கப் போனார்கள். கிறிஸ்தவராகிவிட்டீர்கள் என்று சொல்லி, கூட உண்ணவோ புகைக்கவோ தோழர்கள் மறுத்தார்கள். மார்ச் 23 அன்று ஆன்சன் நேரில் விளக்கம் தந்தார். சிப்பாய் அதிகாரிகள் சொன்ன மறுமொழி நுட்பமானது: எங்களுக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் ஊரார் நம்பமாட்டார்கள், வீடு திரும்பினால் விலக்கிவைப்பார்கள். ஆன்சனால் தோட்டாவின் தூய்மைக்குச் சான்று தர முடியும். சிப்பாயோடு ஒரே பந்தியில் உட்காரும்படி அவர் பிறந்த அயோத்திச் சீமைக் கிராமத்துக்கு ஆணையிட முடியாது. வேதியியல் அறிக்கை தோற்ற இடமும் இதுவே. ‘வாக்கால் சொல்லப்பட்டது தூயது’ என்ற விதி எவர் வாயிலிருந்து வந்த வாக்கையும் ஏற்கும் விதி அல்ல. முந்தைய ஆண்டுதான் அயோத்தியைப் பிடுங்கிக்கொண்டு, சிப்பாய் கடல் கடந்தும் பணியாற்றச் சட்டம் போட்ட அரசின் வாக்குக்கு அந்தத் தகுதி இல்லை.

மனிதரைக் கொல்லும் கருவியில் கொலை உறுத்தாமல் கொழுப்பு மட்டும் உறுத்தியது ஏன் என்ற கேள்வியும் உண்டு. போர்த்தொழிலுக்குச் சாத்திரம் இடம் வகுத்திருந்தது. இடர்க்காலத்தில் பிராமணரும் ஆயுதத்தால் பிழைக்கலாம் என்று மனுதர்மமே அனுமதிக்கிறது. கொலை விதிக்குள் இருந்தது, கொழுப்பு விதிக்கு வெளியே நின்றது. ஒழுக்கம் என்பது விளைவை அளப்பது என்று கருதுவோருக்கு இது தலைகீழாகத் தோன்றும். சமண அறம் இந்தத் தலைகீழ் நிலைக்கு இடமே தராது: அதன்படி மசகைப் பற்றிக் கேட்குமுன் ஆயுதத்தைப் பற்றிக் கேட்டாக வேண்டும்.

பிற்கால அரைத் தானியங்கி ரைஃபிளில் மசகின் தீட்டைப் பற்றிய கேள்வி உருமாறுகிறது. பாரக்பூருக்குச் சற்று வடக்கே, ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள இச்சாப்பூர் தொழிற்சாலையில் உருவான 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். துப்பாக்கியையே எடுத்துக்கொள்ளலாம். அதன் உலோகத் தோட்டாவுக்கு மசகே கூடாது. எண்ணெய் பட்டால் வெடியூக்கி கெடலாம், பின்பூட்டின்மீது அழுத்தமும் கூடும். வாயு உந்துதண்டு உலர்ந்திருக்க வேண்டும், இல்லையேல் எண்ணெய் கருகிக் கரியாகும். பூட்டு நகரும் தடங்களிலும் உராயும் பரப்புகளிலும் மட்டும் மெல்லிய பூச்சு போதும். மசகு வாய்க்கு அருகே வருவதே இல்லை, கையோடு நிற்கிறது.

பொருளின் பிறப்போ இப்போது இன்னும் மறைவாகிவிட்டது. கனிம எண்ணெயிலும் செயற்கை எண்ணெயிலும் விலங்கு இல்லை. நுண்பொறிகளுக்கு ஒரு காலத்தில் விரும்பப்பட்ட திமிங்கல எண்ணெயை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சட்டம் விலக்கியது. கம்பளிக் கொழுப்பில் உயிர்க்கொலை இல்லை. கிரீஸில்தான் சிக்கல்: அதைக் கெட்டியாக்கும் உலோகச் சோப்பின் கொழுப்பமிலம் மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம், பனையெண்ணெயிலிருந்தும் வரலாம். 2016-இல் இங்கிலாந்து வங்கியின் 5 பவுண்டு நெகிழித் தாளில் மாட்டுக் கொழுப்பின் சுவடு இருப்பது தெரிந்தபோது இந்துக்களும் தாவர உணவினரும் எதிர்த்தார்கள். மறு ஆண்டு வங்கி அதையே தொடர முடிவுசெய்தது. கலகம் எதுவும் வரவில்லை.

ஆசாரம் பார்க்கும் ஒருவர் இன்று கிரீஸ் தேர்ந்தெடுப்பதானால், ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறப்படும் அமிலத்தால் கெட்டியாக்கிய லித்தியம் கிரீஸ் ஐயத்துக்கு இடம் தராது. கொழுப்பு வேறு பொருளாகவே மாறிவிட்டால் தீட்டும் நீங்கும் என்பது ஹனஃபி மரபின் நிலை. சோப்பை அது இவ்வாறே ஏற்கிறது. தமிழகக் கடற்கரை முஸ்லிம்களிடையே பரவலான ஷாஃபி மரபு இதில் கண்டிப்பானது. பன்றிக் கொழுப்பு ஈரத்தோடு கையில் பட்டால், ஏழு முறை, அவற்றில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும் என்கிறது அது.