பழமை பேணலும் குடிமராமத்தும்

பழமை பேணும் அரசியல் நெறிக்கு முதல்வராக எட்மண்டு பர்க் என்னும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரைக் கூறுவர். பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790இல் அவர் எழுதிய நூல் யாவரும் அறிந்தது. அதற்கு ஐந்தாண்டு முன்னர், ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி 1785 பிப்ரவரி 28ஆம் நாள் பேசியபோது, அன்று கர்நாடகம் எனப் பெயர் பெற்றிருந்த நம் நாட்டுப் பகுதியின் ஏரிகளை அவர் போற்றியதைச் சிலரே அறிவர். பின்வரும் தலைமுறையைத் தம் மக்களாகவே கருதிய முன்னோர் விட்டுச்சென்ற உடைமைகள் அவை என்பது அவர் கருத்து. இந்திய மண்ணை மிதித்தறியாதவர் அவர்!

பெற்றதைக் காத்து அடுத்தவரிடம் ஒப்படைத்தல், மாற்ற நேரின் பழுதுபார்ப்பவன் போல் மாற்றுதல் என்பதே அந்நெறியின் சாரம். மணற்படுகையில் அடித்தளம் இடும் நுட்பத்தைக் கல்லணை கற்பித்தது என எழுதிய ஆர்தர் காட்டன், 1836இல் முக்கொம்பில் மேலணையை எழுப்பியது இவ்வழியே ஆகும்.

ஆயின், பேணுவதாக எண்ணியே அழிப்பதும் உண்டு. ஆற்றில் நீர் வருமுன் ஊரார் கூடி வாய்க்காலைத் தூர் வாரும் குடிமராமத்து, காவிரிப் படுகையின் பழைய வழக்கம். மன்னார்குடி, தீபங்குடிப் பக்கத்து நம் பெரியோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வழக்கம் தளர்வதைக் கண்ட ஆங்கில அரசு, 1858இல் அதனைச் சட்டமாக்கியது. ஆள் அனுப்பத் தவறியவர் அவ்வேலையின் மதிப்பைப் போல் இருமடங்கு செலுத்த வேண்டும். ஊரின் மதிப்புக்கு அஞ்சிச் செய்த பணி, தண்டத்துக்கு அஞ்சிச் செய்யும் பணியாகத் தாழ்ந்தது. சட்டம் ஏட்டில் நிலைத்தது, வழக்கம் மறைந்தது.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்தல் தகாது. நிலம் மிராசுதாருடையது, சேற்றில் இறங்கி மண்வெட்டி பிடித்தவன் பண்ணையாள். எறும்புக்கும் தீங்கு எண்ணாத நம்மவருள் நிலமுடையோர் வீடுகளிலும் பண்ணையாட்கள் இருந்தனர். அவர்தம் கூலியைப் பற்றி நாம் எத்துணை சிந்தித்தோம்? பழமையில் பற்றுடைய இராஜாஜியே முதலமைச்சராக இருந்த 1952இல், தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புக்கான அவசரச் சட்டம் பிறந்தது. மிராசுதார்கள் முணுமுணுத்தனர். வாய்க்கால் நம் முன்னோர் வைத்த உடைமை எனின், அடிமை நிலையும் அவர் வைத்ததே என வாதிடலாமோ? அவர் முன்னதைக் காத்தார், பின்னதைத் திருத்தினார். இரண்டையும் பிரித்தறியும் கண்ணே ஆட்சியாளருக்கு அரிது என்பேன்.

2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரை மீட்டது. செலவில் பத்தில் ஒரு பங்கு பாசன உழவருடையது; எஞ்சியது அரசுடையது. பெயர் பழையது, பணம் புதியது. வாய்க்கால் வெட்டும் நாளில் கரையில் நின்று ஆழம் அளப்பவர் நம் ஊரில் எத்தனை பேர்?