காமார்புகூரில் அன்னை

பகவத்கீதையின் 2-ஆம் அத்தியாயத்து 13-ஆம் சுலோகம், துக்கம் நேர்ந்த வீடுகளில் பெரியோர் எடுத்துக் கூறும் சுலோகமாகும். பிள்ளைப்பருவம், இளமை, முதுமை என்று உடல் மாறுவது போன்றதே வேறோர் உடலை அடைவதும். தீரன் இதில் மயங்குவதில்லை என்பது அதன் கருத்து. இதைக் கேட்பவர்கள் பலர், 'அப்படியானால் அழுவதே தவறு போலும்' என்று எண்ணி மேலும் வாடிவிடுகின்றனர். சுலோகம் பேசுவது மயக்கத்தைப் பற்றியது. ஞானிகள் வருந்துவதில்லை என்று 11-ஆம் சுலோகத்தில் பகவான் கூறுவது உண்மையே. அது சாதனையின் முடிவில் வாய்க்கும் நிலை. வழியில் நடந்துகொண்டிருப்பவனிடம் உடனடியாக எதிர்பார்க்கப்படுவது, செய்யத்தக்கது எது என்ற தெளிவை இழக்காதிருத்தல். கண்ணீர் பெருகும்போதும் அந்தத் தெளிவு இருக்க முடியும்.

இதற்கு விளக்கம் வேண்டுவோர் அன்னை ஸ்ரீசாரதாதேவியின் வாழ்வில் 1886 முதல் 1888 வரையுள்ள பகுதியைப் படிக்க வேண்டும். அன்னையின் வரலாற்றை ஆர்வத்துடன் படிப்பவர்கள்கூட இந்தப் பக்கங்களை விரைவாகக் கடந்துவிடுவதுண்டு.

1886 ஆகஸ்ட் 16 அன்று காசிப்பூரில் ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்தார். அப்போது அன்னைக்கு வயது 32. வழக்கப்படி கைவளைகளைக் கழற்ற முற்பட்டபோது குருதேவர் காட்சியளித்து, தாம் எங்கும் சென்றுவிடவில்லை, ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் சென்றது போன்றதே இது என்று உணர்த்தித் தடுத்தார். ஆகஸ்ட் 30-இல் அன்னை தீர்த்த யாத்திரை புறப்பட்டார். காசி, அயோத்தி வழியாகப் பிருந்தாவனத்தை அடைந்து ஏறத்தாழ ஓராண்டு தங்கினார். அங்கே யோகின்மாவைக் கண்டதும் இருவரும் கட்டிக்கொண்டு கதறினர். காட்சி கிடைத்த பிறகும் அன்னை அழுதார் என்பது கவனிக்கத்தக்கது.

உண்மையான சோதனை அதன் பிறகே வந்தது. பேரிழப்பு நேர்ந்த நாளில் சுற்றமும் நட்பும் சூழ்ந்திருக்கும். பணி ஓய்வு பெற்றவருக்கும் மாலையிட்டு விழா எடுப்பார்கள். அந்த ஆரவாரம் அடங்கி, எல்லோரும் தத்தம் வேலைக்குத் திரும்பிய பின் விடியும் காலைப்பொழுதுகள்தாம் கடினமானவை. அன்னைக்கு அந்தப் பொழுதுகள் காமார்புகூரில் வாய்த்தன. தட்சிணேசுவரக் கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த மாதம் 7 ரூபாய் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. கையில் பணமில்லாமையால் பர்துவானுக்கு அப்பால் அன்னை வெகுதூரம் நடந்தே செல்ல நேர்ந்தது. ஊரை அடைந்த பிறகு வீட்டில் தனிமை. சோற்றுக்கு உப்பு வாங்கவும் காசில்லாத வறுமை. சிவந்த கரையுள்ள புடவையும் கைவளையும் கண்டு ஊரார் பழித்துப் பேசினர். லாஹா குடும்பத்துப் பிரசன்னமயி போன்ற ஓரிருவரே அன்னைக்காகப் பரிந்து பேசினர்.

இந்நிலையில் அன்னை என்ன செய்தார்? மண்ணைக் கொத்திக் கீரை பயிரிட்டார். நெல்லைக் குத்திச் சமைத்தார். சமைத்ததைக் குருதேவருக்கு நிவேதித்து உண்டார். ஜபம் செய்தார். காமார்புகூரில் இரு, கீரை பயிரிட்டுச் சோறும் கீரையும் உண்டு பகவானின் பெயரைச் சொல், யாரிடமும் கையேந்தாதே என்று குருதேவர் முன்பே அறிவுறுத்தியிருந்தார். பெரிய தத்துவ உபதேசங்களை எதிர்பார்ப்பவர்களுக்கு இது மிக எளிய அறிவுரையாகத் தோன்றலாம். ஆனால் வாழ்வின் பழைய ஒழுங்கு சிதறிப்போன ஒருவருக்கு, நாளை காலை எழுந்ததும் கைகளுக்கு என்ன வேலை என்பதே முதல் கேள்வி. குருதேவர் அதற்கு விடை வைத்துவிட்டுச் சென்றிருந்தார். சமையலும் ஜபமும் ஒரு நாளின் இரு முனைகளாக நின்று அன்னையின் பொழுதைத் தாங்கின.

கையேந்தாதிருத்தல் என்பதைத் தவறாகப் புரிந்துகொள்ளலாகாது. அன்னை தம் வறுமையை எவரிடமும் முறையிடவில்லை. ஆயினும் செய்தி கல்கத்தாவை எட்டி, பக்தர்கள் மனம் பதைத்து அழைத்தபோது அதை ஏற்றார். கணவரை இழந்த இளம்பெண் அயலாருடன் சென்று தங்குவதா என்ற ஊர்ப்பேச்சு எழுந்தபோதும், அறிந்த பெரியவர்களின் கருத்தைக் கேட்டு முடிவெடுத்தார். அன்புடன் நீட்டப்படும் கையை மறுப்பதில் வைராக்கியம் எதுவும் இல்லை. 1888-இல் பேலூரில் நீலாம்பர் பாபுவின் தோட்ட வீட்டில் அன்னை வந்து தங்கினார்.

அங்கும் உள்ளத்தின் வெப்பம் உடனே தணிந்துவிடவில்லை. 'மூன்று மாதமாகியும் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாளே' என்று வீட்டுப் பெண்களைக் குறைகூறுவோர் அறிய வேண்டிய செய்தி இது. 1893-இல் அதே நீலாம்பர் பாபுவின் வீட்டு மேல்தளத்தில், நாற்புறமும் நெருப்பு மூட்டி, தலைக்கு மேல் சூரியன் காய, யோகின்மாவுடன் அன்னை பஞ்சதபம் இயற்றினார். ஏழு நாட்கள் விடியல் முதல் அந்திவரை அந்தத் தீயின் நடுவே அமர்ந்து ஜபம் செய்தார். உடல் கருகியது போலாயிற்று. உள்ளத்துத் தீ தணியத் தொடங்கியது அப்போதுதான். காசிப்பூரை விட்டுப் புறப்பட்டு அதற்குள் ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.