மறுமுறை வருகிறேன்

ஒரு வாரமாக எங்கள் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் என் மகள் பச்சை மையினால் 'சென்னை - பார்க்க வேண்டியவை' என்று எழுதி இரண்டு கோடு கிழித்திருக்கிறாள். கள்ளக்குறிச்சிக்காரனுக்குச் சென்னை அப்படி ஒன்றும் சீமை அல்ல. உளுந்தூர்ப்பேட்டையில் நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் ஐந்தாறு மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். ஆனாலும் குடும்பத்தோடு பட்டணம் போவது எங்களுக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருவிழா. நான் தனியாகப் பதிப்பாளரைப் பார்த்துவரப் போவது அந்தக் கணக்கில் சேராது. அது சந்தைக்குப் போய்வருவதைப் போல. வேலை முடிந்தால் அடுத்த பஸ்.

மகளின் பட்டியல் நீளமானது. வண்டலூர் மிருகக்காட்சி சாலை, கோட்டூர்புரத்து அண்ணா நூலகம், மெரினா, கலங்கரை விளக்கம், கதீட்ரல் சாலைப் பூங்காவில் கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் ஏதோ ஒரு விளையாட்டு. என் மனைவி ஒன்றே ஒன்றுதான் எழுதினாள்: 'எழும்பூர் மியூசியம். வெள்ளிக்கிழமை வேண்டாம்.' அந்த இரண்டாவது வாக்கியத்துக்குப் பின்னால் பத்து ஆண்டு வருத்தம் இருக்கிறது. 2015இல் நாங்கள் போனபோது நான் போட்ட திட்டப்படி மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமையன்று போய்ச் சேர்ந்தோம். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. 1851இல் தொடங்கிய அந்தப் பெரிய கண்காட்சி சாலையின் வாசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். திருவாலங்காட்டு நடராசரைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருந்தாள். "சாமியும் லீவு போட்டுட்டாரா?" என்று அப்போது சிரித்தாள். அவளுடைய சிரிப்பை நான் நம்பியிருக்கக் கூடாது.

பிறகு நோட்டு என் கைக்கு வந்தது. பேனாவைத் திறந்து 'திருவொற்றியூர் அத்தை' என்று எழுதினேன். எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது. மேலே பார்த்தேன், மிருகக்காட்சி சாலை. கீழே பார்த்தேன், கலங்கரை விளக்கம். நடுவில் அத்தை.

பெற்ற தகப்பனின் உடன்பிறந்தவளை, பார்க்க வேண்டிய பொருள்களின் வரிசையில் ஒரு பொருளாக எழுதுவது சரிதானா? சரியில்லை என்று அடித்துவிட்டால், பட்டியலில் இல்லாத எதையும் நாங்கள் பார்க்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். மூன்று நாள் பயணம் அது. பட்டியல்தான் எசமான்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீரசோழபுரத்துப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். துறைமுகத்தில் வேலை பார்த்த மாமாவைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வயதில் வடசென்னைக்குப் போனாள். மாமா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2015இல் நாங்கள் ஊர் திரும்பும் அன்று, எல்லாம் பார்த்து முடித்த பிறகு, இரவு எட்டு மணிக்கு அவள் வீட்டுக்குப் போனோம். அப்போதுதான் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரைக்கும் மெட்ரோ ரயில் விட்டிருந்தார்கள். எங்கும் போக வேண்டிய அவசியம் இல்லாமலே அதில் ஏறி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்து ஒரு மாலைப் பொழுதைச் செலவழித்திருந்தோம். அத்தை காலையிலிருந்து சமைத்து வைத்திருந்தாள். வஞ்சிரம் மீன் குழம்பு ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசர அவசரமாகச் சாப்பிட்டோம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த தடவை வந்தா ரெண்டு நாள் உங்க கூடவே இருக்கேன் அத்தை, சத்தியமா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையின் கையில் ஐம்பது ரூபாயை வைத்து மூடினாள்.

சத்தியம் என்ற சொல்லைத் திருவொற்றியூரில் நின்றுகொண்டு சொன்னேனே, அதுதான் வேடிக்கை. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லை யோசிக்காமல் சொல்லக்கூடாத ஊர் ஒன்று உண்டென்றால் அது அந்த ஊர்தான்.

சுந்தரமூர்த்தி நாயனாரின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். அவர் பிறந்த திருநாவலூர் இன்று எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. ஆகவே அவரை ஊர்க்காரர் என்ற உரிமையோடு கொஞ்சம் விமரிசனம் செய்யலாம் என்று நினைக்கிறேன். திருவாரூரில் பரவையார் இருக்க, திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கண்டு மனம் பறிகொடுத்தார். 'உன்னைப் பிரிய மாட்டேன்' என்று சத்தியம் செய்து கொடுத்தால்தான் திருமணம். சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டியிருக்குமே என்று அஞ்சிய சுந்தரர், இறைவனிடமே போய், 'அந்தச் சமயத்தில் நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும்' என்று கேட்டுக்கொண்டார். இறைவனும் சரி என்றார். அதோடு விட்டாரா? சங்கிலியார் பக்கத்துக்கும் செய்தி அனுப்பிவிட்டார்: 'கோயிலில் வேண்டாம், மகிழடியில் சத்தியம் கேள்.' தப்பிக்க வழி இல்லாமல் சுந்தரர் மரத்தடியிலேயே வாக்குக் கொடுத்தார். பிறகு வசந்த காலம் வந்தது. திருவாரூர்த் திருவிழா நினைவுக்கு வந்தது. பார்க்காமல் இருக்க முடியவில்லை. புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விட்டன.

இந்தக் கதையைச் சின்ன வயதில் கேட்டபோது, சத்தியத்தை மீறியதற்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மீறியதா பெரிய குற்றம்? மனிதன் மீறத்தான் மீறுவான். ஒருமுறை பார்த்த ஊரை மறுமுறை பார்க்க வேண்டும் என்ற தாகத்தைக் கடவுளும் குற்றமாக எண்ணியதாகத் தெரியவில்லை. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சிபுரத்தில் ஒரு கண், திருவாரூரில் மற்றொரு கண் என்று தவணை முறையில் திருப்பிக் கொடுத்துவிட்டாரே! குற்றம் அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. வாக்குக் கொடுக்கும்போதே, அது பலிக்காமல் போவதற்கான ஏற்பாட்டையும் செய்துகொண்டு கொடுத்தாரே, அங்கேதான் கண் போய்விட்டது. எல்லையில் அது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

செருப்பை மாட்டிக்கொண்டு சொன்ன சத்தியமும் அந்த ஜாதிதான். 'அடுத்த தடவை' என்ற சொல்லே நாம் கடவுளை மகிழ மரத்தடிக்கு அனுப்பிவிட்டுச் சொல்லும் சொல். பத்து ஆண்டுகளில் பதிப்பாளரைப் பார்க்க எத்தனையோ முறை போனேன். அவையெல்லாம் 'தடவை' ஆகாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். வடகோடி மிகவும் தூரம் என்பது இன்னொரு சாக்கு. அந்தச் சாக்கும் 2021இல் போய்விட்டது. விமான நிலையத்தில் மெட்ரோவில் உட்கார்ந்தால் இறங்காமல் திருவொற்றியூர் போய்விடலாம்.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். அவளுக்குப் பதினான்கு வயது. "அப்பா, நீங்க பத்து வருஷம் போகாததுக்கு என்னோட மூணு நாள்ல ரெண்டு நாளை எடுத்துக்கறீங்க" என்றாள். நியாயம்தான். எனக்கு மறுமுறை, அவளுக்கு இதுதான் முதல்முறை. நாலு வயதில் தோளில் தூங்கிக்கொண்டே பார்த்ததெல்லாம் பார்த்ததாகுமா? என் கடனை அவள் கணக்கிலிருந்து அடைப்பது நேர்மையா? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கடமையை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பிறருடைய பொழுதைத்தான் தானம் செய்கிறார்கள்.

அத்தையை வரிசையில் எழுதத் தயங்கினேனே, அதற்கு வேறொரு காரணமும் உண்டு. பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 2024 ஜூன் மாதத்தில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டபோது, கார் காராக வந்து இறங்கினார்கள். உதவ வந்தவர்கள் உண்டு. செய்தி எழுத வந்தவர்கள் உண்டு. வெறுமனே பார்க்க வந்தவர்களும் உண்டு. சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவர், வந்தவர்களின் முகத்தைப் பார்க்காமல் அவர்கள் கையிலிருந்த கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். நானும் அங்கே சும்மா நின்றவன்தான். எழுத்தாளன் என்ற பெயர் எனக்கு ஒரு கேடயம்.

அதற்கு முன்னால் நடந்தது ஒன்று. பட்டணத்து நண்பர் ஒருவரைக் கல்வராயன் மலைக்கு அழைத்துப் போயிருந்தேன். கோமுகி அணையைப் பார்த்துவிட்டு மலை ஏறி, பெரியார் அருவியில் குளித்தோம். வெள்ளிமலைப் பக்கம் ஒரு மலையாளிக் குடியிருப்பில் வண்டியை நிறுத்தி, அழகான ஒரு கூரை வீட்டை நண்பர் படம் பிடிக்கத் தொடங்கினார். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த கிழவி நிமிர்ந்து பார்த்து, "என்னாத்தப் பாக்கறீங்க சாமி? உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் பாருங்க" என்றாள். நண்பர் நேரமாகிவிட்டது என்றார். அருவிக்கு ஒதுக்கிய நேரத்தை வீட்டுக்குத் தர முடியவில்லை. வண்டியில் ஏறிய பிறகும் அவள் முறத்தைக் கையில் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்திலிருந்து போய், எங்கோ பார்வைப் பொருளாக நின்றது ஒரு செப்புத் திருமேனியும்கூட. சுந்தரரும் பரவையாரும் சேர்ந்து நிற்கும் அழகான வடிவம். 1956இல் வீரசோழபுரம் சிவன் கோயிலில் அதைப் படம் பிடித்திருக்கிறார்கள். பிறகு அது கோயிலில் இல்லை. வாஷிங்டனில் ஆசியக் கலைக்கென்று உள்ள அரசாங்கக் கண்காட்சி சாலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பழைய படம் சாட்சி சொன்னதால், இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக 2026இல் அறிவித்தார்கள். எத்தனை பேர் அங்கே அதன் எதிரில் நின்று பார்த்திருப்பார்கள்! பார்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் மனைவி எழும்பூரில் நடராசரைப் பார்க்கத் துடிக்கிறாளே, அதே துடிப்புத்தானே அவர்களுக்கும்? திருவாலங்காட்டு ஆள் ஒருவர் எழும்பூரில் நிற்கும் எங்களைப் பார்த்து என்ன நினைப்பார் என்று கேட்டால், அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்படியெல்லாம் நினைத்துக் குழம்பி, கடைசியில் அத்தைக்கே தொலைபேசியில் பேசினேன்.

"எப்ப வர்றே?" என்றாள். சொன்னேன். "எத்தனை நாளு?" மூன்று நாள் என்றேன்.

"இந்தத் தடவை ரெண்டு நாள் உங்க கூடவே இருக்கலாம்னு..." என்று இழுத்தேன்.

"இங்க உட்கார்ந்து என்னடா பண்ணப் போறே? என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருப்பியா? எனக்கே உன் மூஞ்சி சரியாத் தெரியாது. ஒரு கண்ணு ஆபரேஷன் ஆச்சு, இன்னொண்ணு அடுத்த மாசம்னு சொல்லியிருக்காங்க." சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பாப்பா எங்கெங்க போவணும்னு எழுதி வெச்சிருக்கா?" என்று கேட்டாள்.

பட்டியலைப் படித்துக் காட்டினேன். மிருகக்காட்சி சாலைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கலங்கரை விளக்கத்துக்குச் சிரித்தாள். மியூசியம் என்றதும், "அதை நான் பாத்ததே இல்லைடா" என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேலாகப் பட்டணத்தில் இருக்கிறவள்!

"மாமா கூட்டிட்டுப் போறேன்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஞாயித்துக்கிழமையில ஆளு தூங்குவாரு. அப்புறம் போலாம், அப்புறம் போலாம்னு போயிடுச்சு. சாமி செலைங்கள்லாம் நெறைய இருக்குமாமே? வீரசோழபுரத்துக் கோயில்ல சின்னப் புள்ளையில பாத்தது. எது எதுன்னு ஞாபகம் இல்லை, ஆனா நெறைய இருந்துச்சு. என்னையும் கூட்டிக்கிட்டுப் போறியா? ஒரு கண்ணுல நல்லாவே தெரியுது."

நோட்டில் 'திருவொற்றியூர் அத்தை' என்ற வரியை அடித்தேன். எழும்பூர் மியூசியம் என்ற வரிக்குப் பக்கத்தில், 'நான்கு பேர்' என்று எழுதினேன். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, பூங்காவையும் நூலகத்தையும் ஒரே நாளில் அடக்கி, அத்தைப் பாட்டி வீட்டுக்கு இரவு தங்கப் போவதாக அம்புக்குறி போட்டாள். செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடத்துக்குள் எத்தனை படி ஏற வேண்டியிருக்கும், உட்கார்ந்து பார்க்க நாற்காலி கொடுப்பார்களா என்று யாரிடமாவது கேட்க வேண்டும்.