பிள்ளைகளோடு போகும் வெளிநாடு

எங்கள் வீட்டில் இப்போது இராச்சாப்பாட்டு நேரத்தில் ஒரே பேச்சு, எந்த நாட்டுக்குப் போவது என்பதுதான். மகள் சிங்கப்பூர் என்கிறாள். கூட்டாளி ஒருத்தி போய்வந்து வகுப்பில் சொன்ன கதைகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். மகனுக்கு 2022 உதைபந்தாட்ட உலகக்கிண்ண இறுதிப்போட்டி நடந்த லுசைல் மைதானத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். கத்தார் என்றால் அவனுக்கு மெஸ்ஸி. கணவர் மக்காவுக்கு உம்றாப் பயணம் என்று சொல்லிவிட்டு, வேறு பேச்சுக்கு இடம் வைக்கவில்லை. நான் அவர் பக்கம். ஆனால் ஒன்று சேர்த்தேன்: உம்றா முடிந்ததும் ஜித்தாவில் சில நாள் தங்க வேண்டும். "ஜித்தாவில என்ன உம்மா இருக்கு?" என்று மகள் கேட்டாள். அவளுக்கு அப்போது சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

ஜித்தாவில் என் வாப்பா இருந்தார். தண்ணீர் பவுசர் ஓட்டினார். ஆறு இல்லாத நகரம் அது. கடல்நீரின் உப்பை நீக்கிக் குடிக்கிற ஊர். குழாய் எட்டாத வீடுகளுக்கு அந்த நீரைக் கொண்டுபோய் இறக்குவது அவர் தொழில். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் எங்கள் கரையில் இப்படி ஒரு வாப்பாவோ மாமாவோ இல்லாத குடும்பம் அரிது. 1973இல் எண்ணெய் விலை ஏறி வளைகுடா நாடுகள் நகரங்களைக் கட்டத் தொடங்கின. 1977க்குப் பின் இலங்கையும் தன் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. வயலையும் வலையையும் மருதமுனைத் தறியையும் நம்பியிருந்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சவூதிக்கும் குவைத்துக்கும் கத்தாருக்கும் போனார்கள். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை அரசாங்கம் சட்டம் போட்டு அமைத்தது. பிறகு பெண்களும் வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். ஓலை வீடுகள் கல்வீடாகின. குமர்கள் கரைசேர்ந்தார்கள். என்னைப் போன்றவர்கள் படித்து ஆசிரியரானோம்.

அந்தக் கல்வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வெளிநாடு என்பது வாப்பா இல்லாத பெருநாள். அவர் குரல் கெசட்டில் வரும். உம்மா அதைப் போட்டுவிட்டு, நாங்கள் பேசவேண்டியதை மறுபக்கத்தில் பதிவுசெய்வார். பொதி வந்தால் கம்பளிப் போர்வையும் பால்மாவும் வாசனைச் சவர்க்காரமும் இருக்கும். அந்த வாசனைதான் எனக்குத் தெரிந்த சவூதி. என் பிள்ளைகளுக்கு அது வேறு. அவர்கள் கைபேசியில் கோபுரங்களையும் கடைத்தொகுதிகளையும் பார்க்கிறார்கள். வெளிநாடு அவர்களுக்கு மகிழ்ச்சியின் முகவரி. இதில் குற்றம் ஏதுமில்லை. பிள்ளைகள் வெளிநாட்டை மகிழ்ச்சியோடு நினைக்கும் காலம் எங்கள் கரைக்கு வந்ததே பெரிய நிஃமத். அந்த மகிழ்ச்சி யாருடைய தோளில் ஏறி வந்தது என்று அவர்கள் அறியாமல் போவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிள்ளைகளுக்குக் கடவுச்சீட்டு எடுப்பதற்கான பத்திரங்களை ஒழுங்கு செய்தபோது இது இன்னும் அழுத்தியது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், புகைப்படம், தாய் தகப்பன் இருவரின் சம்மதம். ஒரு பிள்ளை கடல்கடந்து போக இத்தனை பேர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது சட்டம். மூதூர் ரிசானா நபீக்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. 2005இல் அவள் சவூதிக்குப் போனபோது வயது 17. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதி, வளர்ந்த பெண்ணாக அனுப்பினார்கள். போய்ச் சில வாரங்களுக்குள் அவள் கையிலிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. அந்தக் குழந்தையைக் கொன்றதாகத் தீர்ப்பாகி, 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கிழக்கில் அந்த நாளை மறந்த உம்மா இல்லை. என் மகள் இன்னும் சில வருடத்தில் அந்த வயதுக்கு வருவாள். அவளுடைய கடவுச்சீட்டில் உண்மையான வயது இருக்கும்; பக்கத்து இருக்கையில் நாங்கள் இருப்போம். இந்த வித்தியாசத்தை அவள் தன் அதிர்ஷ்டம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. தன்னைவிடச் சற்றே மூத்த பிள்ளையொருத்தி என்ன நிலையில் அதே வானில் பறந்தாள் என்பதை அறியும் வயது அவளுக்கு வந்துவிட்டது. போகுமுன் நானே சொல்வேன்.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக்கு விடியவிடிய வரிசை. அன்று அந்த வரிசையில் நின்றவர்களில் மிகப் பலர் பிழைப்புத் தேடிப் போனவர்கள். இன்று நாங்கள் விடுமுறைக்குப் போகிறோம் என்றால், அது கடன்படாத பணமாக இருக்க வேண்டும் என்பதில் நானும் கணவரும் ஒரே பிடியாக நிற்கிறோம். சீட்டுக் கட்டிச் சேர்த்தது போதாவிட்டால் பயணம் தள்ளிப்போகும். நகை அடகுக் கடைக்குப் போகாது. வசதி இல்லாதவர் மீது உம்றாவைக்கூட அல்லாஹ் சுமத்தவில்லை. பிறகு, உல்லாசத்துக்குக் கடன்படுவதற்கு என்ன நியாயம்?

செலவுக் கணக்கைப் பிள்ளைகளின் முன்னாலேயே போடுகிறோம். 1986 முதல் ஒரு டொலருக்கு 3.75 ரியால் என்று சவூதி மாற்றாமல் வைத்திருக்கிறது. இதை வைத்து ரியாலை ரூபாவாக்க மகன் பழகிவிட்டான். ஒரு நாள் பெருக்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு அப்பா எத்தன நாள் பவுசர் ஓட்டியிருப்பார்?" என்று என் வாப்பாவை நினைத்துக் கேட்டான். பாடசாலைக் கணிதம் கேட்காத கேள்வி. பயணத்தைத் திட்டமிடுவதில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதன் பலன் இதுதான்: விலைச்சீட்டுக்குப் பின்னால் உழைப்பு இருப்பதை அவர்களாகவே கண்டுபிடிக்கிறார்கள்.

இன்னொரு பிள்ளையும் இந்தக் கணக்கில் உண்டு. கணவரின் தங்கை குவைத்தில் வீட்டு வேலையில் இருக்கிறார். அவருடைய மகன் மூத்தம்மாவிடம் வளர்கிறான். எங்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவன், "மாமி, சவூதி போனா குவைத்துக்கும் போவீங்களா?" என்றான். சிறு பிள்ளைகளை விட்டுத் தாய்மார் வெளிநாடு போவதைத் தடுக்க 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒரு விதி வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் போக முடியாது. 2022இல் பொருளாதாரம் விழுந்ததும் அந்த வயது எல்லையை இரண்டாகக் குறைத்தார்கள். டொலர் வேண்டியிருந்தபோது நாடு பிள்ளைகளின் வயதைத்தான் குறைத்துக்கொண்டது. அவனையும் எங்களோடு கூட்டிப்போக முடியுமா என்று பார்க்கிறோம். முடியாவிட்டால், எங்கள் பிள்ளைகள் அவன் முன்னால் படம் காட்டிப் பெருமையடிக்காமல் இருக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுப்பதும் பயண ஆயத்தம்தான். பெட்டி அடுக்குவதைவிடக் கடினமானது.

உள்ளூரையே பார்க்காத பிள்ளைக்கு வெளிநாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் பாதி எனக்கும் உடன்பாடு. அறுகம்பே எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது; அதன் அலைமேல் சறுக்க உலகின் மறுகோடியிலிருந்து வருகிறார்கள். எங்கள் வயலுக்கு நீர் தரும் சேனாநாயக்க சமுத்திரம் இங்கினியாகலையில், ஒரு காலைப் பயணத் தூரத்தில் கிடக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகளில் பலர் இரண்டையும் கண்டதில்லை. யாழ்ப்பாணமும் அவர்களுக்கு வரைபடத்தில்தான். ஆகவே முதலில் இங்கினியாகலை, பிறகு யாழ்ப்பாணம், அதன் பிறகு கட்டுநாயக்க என்று வரிசை வைத்திருக்கிறோம். ஆனால் ஊர் தராத ஒன்றை வெளிநாடு தரும். பாஷை தெரியாமல் ஒரு பிள்ளை தடுமாறும். யாரோ ஒருவர் கைகாட்டி வழி சொல்வார். அந்நியனாக இருப்பது எப்படி இருக்கும் என்பதை ஒரு முறையாவது உணர்ந்த பிள்ளை, தன் ஊருக்கு வரும் அந்நியனிடம் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்று நம்புகிறேன்.

காலம் பார்ப்பதிலும் எங்களுக்கென்று சிக்கல் இருக்கிறது. முஸ்லிம் பாடசாலைகளின் நீண்ட விடுமுறை நோன்பு மாதத்தில் வருகிறது. அந்த மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். 2030இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு முறை ரமழான் வரும். நோன்பில் செய்யும் உம்றாவின் சிறப்பை அறியாதவர் இல்லை. ஆனால் அப்போது ஹரத்தில் நிற்க இடமிராது. ஹோட்டல் வாடகை பல மடங்கு. சிறு பிள்ளைகளோடு போவோருக்கு ஆண்டிறுதி விடுமுறை நல்லது. இங்கே மாரி கொட்டும். மக்காவில் வெயில் தணிந்திருக்கும்.

முகவர்கள் தரும் பயண நிரல்களை வாசித்தால் மூச்சு முட்டுகிறது. விடியலில் ஒரு ஸியாரத், பகலில் இரண்டு, இரவில் கடைத்தெரு. ஊரிலிருந்து இரவு முழுவதும் வான் வண்டியில் ஆடிக் குலுங்கிக் கட்டுநாயக்க போய், அங்கிருந்து விமானத்தில் ஆறு மணித்தியாலத்துக்குமேல் பறந்த பிள்ளைக்கு முதல் நாள் உறக்கம்தான் தேவை. சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால்; ஆகவே பிள்ளைகள் சுபஹுக்கு முன்னரே விழித்துக்கொள்வார்கள். கூட்டம் குறைந்த அந்த நேரத்தைப் பயன்படுத்தலாம். ஸபா, மர்வா குன்றுகளுக்கிடையில் ஒரு நடை ஏறத்தாழ 450 மீற்றர். ஏழு நடைக்கு மூன்று கிலோமீற்றருக்கு மேல். அதற்கு முன் தவாபும் இருக்கிறது. பருவமடையாத பிள்ளைக்கு உம்றா கடமையில்லை, செய்தால் கூலியுண்டு. களைத்தால் ஓரமாக இருத்தி ஆறவைப்பதில் மார்க்கத்துக்கு ஒரு குறையும் வராது. மதீனாவில் ஒரு நாள் கூடுதலாக வைத்திருக்கிறோம். பள்ளி முற்றத்தில் 250 பெருங்குடைகள் காலையில் விரிந்து மாலையில் மடங்குவதை எத்தனை முறை பார்த்தாலும் பிள்ளைகளுக்கு அலுக்காதாம்.

இந்தப் பயணத்தில் முதல் இடம் என் உம்மாவுக்கு. வாப்பா ஜித்தாவிலிருந்தே ஹஜ்ஜை முடித்துவிட்டார். உம்மா அந்த மண்ணை மிதித்ததில்லை. அந்த மண்ணின் பெயரால் இளமையெல்லாம் தனியே பிள்ளை வளர்த்தார். ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் உலகமே ஓடுவது, கைக்குழந்தையோடு தனித்து விடப்பட்ட ஒரு தாய் தண்ணீர் தேடி ஓடியதன் நினைவாக. ஹாஜர் நாயகியின் அந்த ஓட்டத்தை என் உம்மாவைப்போல் நன்றாக விளங்கிக்கொள்ளக் கூடியவர்கள் எங்கள் கரையில்தான் இருக்கிறார்கள். அவருக்கு முழங்கால் வலி. சக்கர நாற்காலி வேண்டும். மகனுக்கு இடையிடையே தூக்கம் வேண்டும். அவர்கள் இருவரின் வேகமே எங்கள் எல்லோருடைய வேகமும்.

கடைசியாக ஜித்தா. அங்கே 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அல்-பலத் பழைய நகரம் உண்டு, கடற்கரை உண்டு, பிள்ளைகள் விரும்புவார்கள். ஆனால் வாப்பா இருந்த தெருவுக்கும் போகவேண்டும். அறையில் நெருக்கியடித்து வாழ்ந்ததை, காய்ச்சலில் கிடந்தபோது கேரளத்துக் கூட்டாளி கஞ்சி வைத்துக் கொடுத்ததை, அவர் வாயாலேயே பிள்ளைகள் அங்கே நின்று கேட்க வேண்டும். "நான் இருந்த இடத்தப் பாத்து என்ன செய்யப் போறீங்க மகள்?" என்று தடுக்கிறார், பழைய வீடுகள் இடிந்திருக்கும் என்கிறார். இடிந்திருந்தாலும் தெரு இருக்கும். அங்கே இன்று வேலைசெய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை ஒருவேளைச் சாப்பாட்டுக்கு அழைப்போம். விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கஷ்டத்தைக் காட்டலாமா என்று உறவினர் ஒருவர் கேட்டார். காட்டலாம் என்றே நினைக்கிறேன். அதை அழுகைக் கதையாக்காமல், வாப்பா அதை வென்று வந்தவர் என்ற மரியாதையோடு காட்டினால் பிள்ளையின் மகிழ்ச்சிக்கு ஒரு சேதமும் வராது.

பிள்ளைகளை உல்லாசமாக வெளிநாடு கூட்டிப்போகும் வசதி இந்தக் கரையில் பரவலாக வந்தது எங்கள் தலைமுறையில்தான். அந்த வசதிக்கு விலை கொடுத்தவர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்; வயதாகிறது, ஞாபகம் மங்குகிறது. ஆகவே ஊர்ப் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். துபாய்க்கோ தோஹாவுக்கோ ரியாதுக்கோ பயணச்சீட்டு எடுக்கும் முன், உங்கள் வீட்டில் அங்கே உழைத்தவர் யாரென்று பாருங்கள். எந்தத் தெரு, என்ன வேலை, யாரோடு தங்கினார் என்று பிள்ளைகளையே கேட்டு எழுதச் சொல்லுங்கள். கோபுரம் பார்க்கும் நாட்களில் அரை நாளை அந்தத் தெருவுக்கு ஒதுக்குங்கள். முடிந்தால் அவரையும், அவருக்காக ஊரில் காத்திருந்தவரையும் கூட்டிப்போங்கள்.